எஞ்சின் ஆயுளைக் குறைப்பது நீளமா, வேகமா?

ஒரு காலத்தில் தஞ்சோங் மாலிம் என்றால் ரப்பர் தோட்டங்கள்தாம். இன்று அந்தப் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று உப்சி பல்கலைக்கழகம், மற்றொன்று புரோட்டோன் கார் ஆலை. 2004-ஆம் ஆண்டு ஜென்-2 கார் இங்கிருந்துதான் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் புரோட்டோனின் மின்சாரக் கார் ஆலையும் இங்கேயே திறக்கப்பட்டது. வாகன உயர் தொழில்நுட்பப் பள்ளத்தாக்கு என்ற பெரிய திட்டமும் இந்த ஊரை மையமாகக் கொண்டதுதான்.

மின்சாரக் கார் வந்துவிட்டது என்பதற்காக நம் இளைஞர்களுக்குப் பெட்ரோல் எஞ்சின் மீதுள்ள மோகம் குறைந்துவிடவில்லை. தஞ்சோங் மாலிம் முதல் ஈப்போ வரை எந்தப் பட்டறையில் எட்டிப் பார்த்தாலும் பழைய வீராவோ சத்ரியாவோ பானட் திறந்தபடி நிற்கும். அங்கே அடிக்கடி காதில் விழும் சொல் 'ஸ்ட்ரோக்கர்'. எஞ்சினின் கிராங்கை மாற்றி, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தைக் கூட்டுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "ஸ்ட்ரோக் கூட்டினா பிக்கப் அள்ளிக்கிட்டுப் போகும்" என்பது ஒரு கட்சி. "போட்டா வெடிச்சிடும், ஆறு மாசம் தாங்காது" என்பது மறு கட்சி. முதல் சம்பளத்தையும் சேமிப்பையும் இதில் போடத் தயாராக நிற்கும் இளைஞனுக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் போதாது. நம் படிவம் 4 இயற்பியலை வைத்தே இதை ஆராய்ந்து பார்க்கலாம். ஸ்ட்ரோக் நீளம் தனியாக எஞ்சினைக் கொல்வதில்லை என்பதே அதில் கிடைக்கும் விடை. நீளத்தைக் கூட்டிய பிறகும் பழைய வேகத்தையே கேட்பதுதான் கொல்கிறது.

ஸ்ட்ரோக் என்றால் என்ன?

சிலிண்டரின் குறுக்களவு விட்டம். அதனுள் பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரம் ஸ்ட்ரோக். விட்டத்தைவிட ஸ்ட்ரோக் அதிகமாக இருந்தால் அது நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின். குறைவாக இருந்தால் குறுகிய ஸ்ட்ரோக் எஞ்சின். புரோட்டோன் பெர்டானாவில் வந்த 2.0 வி6 குறுகிய வகை: விட்டம் 78.4 மி.மீ., ஸ்ட்ரோக் 69 மி.மீ.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்துகொள்வோம். நீண்ட ஸ்ட்ரோக் என்பதாலேயே முறுக்கு விசை கூடிவிடாது. கிராங்கை மாற்றும்போது எஞ்சினின் கொள்ளளவு கூடுகிறது; ஒவ்வொரு முறையும் அதிகக் காற்றும் எரிபொருளும் உள்ளே போகின்றன; அதனால்தான் இழுவை கூடுகிறது. கொள்ளளவு மாறாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் நீட்டி விட்டத்தைக் குறைத்தால், வால்வுகளுக்கு இடம் சுருங்கி, உயர் வேகத்தில் எஞ்சின் மூச்சுத் திணறும்.

நம் சாலைகளில் ஓடும் சாட்சிகள்

'நீண்ட ஸ்ட்ரோக் தாங்காது' என்று சொல்பவர்கள் முதலில் நம் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். ஐஸ்வரா 1.5 டாக்சிகளை நம் அப்பாக்கள் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றின் 4ஜி15 எஞ்சினில் விட்டம் 75.5 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. சத்ரியா ஜிடிஐ காரின் 4ஜி93 எஞ்சினில் விட்டம் 81, ஸ்ட்ரோக் 89. இன்றைய எக்ஸ்50 காரின் மூன்று சிலிண்டர் 1.5 டர்போ எஞ்சினில் விட்டம் 82, ஸ்ட்ரோக் 93.2.

இன்னும் சுவையான சாட்சி காம்ப்ரோ. அதன் 1.3, 1.6 ஆகிய இரு வகைகளுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான்: 76 மி.மீ. வேறுபாடு ஸ்ட்ரோக்கில். 1.3-இல் 73.4 மி.மீ.; 1.6-இல் 88 மி.மீ. பட்டறையில் செய்ய நினைப்பதை நிறுவனமே செய்து, உத்தரவாதத்தோடு விற்றது என்று சொல்லலாம். ஆனால் அந்த எஞ்சின் தொடக்கத்திலிருந்தே அந்த நீளத்துக்காக வடிவமைத்துச் சோதிக்கப்பட்டது. பட்டறையில் நாம் மாற்றும்போது அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தாலும் கதை இதுதான். சென்னையில் தயாரான புல்லட் 350 மோட்டார் சைக்கிளில் விட்டம் 70, ஸ்ட்ரோக் 90. நீண்ட காலம் டாக்சியாக ஓடிய அம்பாசடர் காரின் பழைய 1489 சிசி எஞ்சினில் ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட 89 மி.மீ., விட்டம் 73 மி.மீ. இவை இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டும் அவசரப்படுவதில்லை; குறைந்த சுற்றிலேயே வேலையை முடிக்கின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்ட்ரோக்கை மீட்டரில் எடுத்து, இரண்டால் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் போதும்.

நம் நாட்டு இளைஞர்களுக்குப் பழக்கமான மிட்சுபிஷி 4ஜி63 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். லான்சர் ஈவோ கார்களின் எஞ்சின் இது. 2002-ஆம் ஆண்டு மலேசிய வீரர் கரம்ஜிட் சிங், புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவில் வாகை சூடியபோது பானட்டுக்குள் இருந்ததும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். வீரா, ஈவோ 3 இரண்டும் ஒரே தலைமுறை லான்சரிலிருந்து பிறந்தவை என்பதால் வீரா உரிமையாளர்களின் கனவும் இதுவே.

இதன் விட்டம் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 88 மி.மீ., கொள்ளளவு 1997 சிசி. இதில் அண்ணன் எஞ்சினான 4ஜி64-இன் 100 மி.மீ. கிராங்கைப் போட்டால் கொள்ளளவு ஏறக்குறைய 2270 சிசி ஆகும். 14 விழுக்காடு கூடுதல். உலகம் முழுவதும் நன்கு அறியப்பட்ட '2.3 ஸ்ட்ரோக்கர்' இதுதான்.

நிமிடத்துக்கு 7,000 சுற்றில் பழைய எஞ்சினின் பிஸ்டன் வேகம் விநாடிக்கு 20.5 மீட்டர். அதே சுற்றில் புதியதன் வேகம் 23.3 மீட்டர். இந்த எண் எவ்வளவு பெரியது? 2009-இல் ஃபார்முலா ஒன் கார்களுக்கு 18,000 சுற்று உச்ச வரம்பு வைத்தார்கள். அந்த 2.4 லிட்டர் வி8 எஞ்சின்களின் ஸ்ட்ரோக் 40 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் பிஸ்டன் வேகம் விநாடிக்குச் சுமார் 24 மீட்டர். சிப்பாங்கில் ஓடிய அந்தக் கார்களுக்கு ஒரு பருவத்துக்கு எட்டு எஞ்சின்கள் அனுமதிக்கப்பட்டன. நம் வீராவுக்கு ஒரே எஞ்சின்தான்!

அடுத்தது விசை. பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் அந்த நொடியில்தான் கனெக்டிங் ராட் மிகக் கடுமையாக இழுக்கப்படுகிறது. இந்த விசை, ஸ்ட்ரோக் கூடும் அளவுக்குக் கூடும். ஆனால் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மையநோக்கு விசை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பிஸ்டனும் அதோடு சேர்ந்தவையும் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 88 மி.மீ. கிராங்கில் 7,000 சுற்றில் அந்த இழுப்பு சுமார் 1.56 டன் எடைக்குச் சமம். 100 மி.மீ. கிராங்கில் அதே சுற்றில் 1.83 டன். ஒரு வீரா காரின் எடையைவிட அதிகமான இழுப்பு, ஒரே ராட்டின் மீது, விநாடிக்கு 116 தடவை!

இப்போது சுற்றை 6,500-க்குக் குறைத்துப் பாருங்கள். 100 மி.மீ. கிராங்கின் இழுப்பு மறுபடியும் 1.57 டன்னுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, 12 மி.மீ. நீட்டியதால் வந்த கூடுதல் சுமையை, 500 சுற்றை விட்டுக்கொடுத்து ஏறக்குறைய முழுவதும் ஈடுகட்டிவிடலாம். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய 88 மி.மீ. எஞ்சினையே 7,000-லிருந்து 7,500-க்கு ஏற்றினால் சுமை 15 விழுக்காடு கூடும். கிராங்கைத் தொடாமல் ரெட்லைனை மட்டும் ஏற்றுபவர், ஸ்ட்ரோக்கர் போட்டவருக்கு இணையான ஆபத்தைத்தான் தேடிக்கொள்கிறார்.

சுற்றைக் குறைத்தால் சக்தி போய்விடாதா? சக்தி என்பது முறுக்கு விசையும் சுற்றும் பெருகி வருவது. 14 விழுக்காடு கூடுதல் முறுக்கு விசை இருந்தால், சுமார் 6,160 சுற்றிலேயே பழைய 7,000 சுற்றின் சக்தி கிடைத்துவிடும். அந்தச் சுற்றில் பிஸ்டன் வேகமும் பழைய 20.5 மீட்டர்தான். அதே சக்தி, அதே தேய்மானம், ஆனால் கீழ்ச் சுற்றிலேயே நல்ல இழுவை. தெருவில் ஓட்டுபவருக்கு வேண்டியது இதுதானே?

கணக்கு மட்டும் போதாது

சுற்றைக் குறைத்தாலும் தீராத சில சுமைகள் உண்டு. முதலாவது, பக்கவாட்டு அழுத்தம். 4ஜி63 எஞ்சினின் ராட் நீளம் 150 மி.மீ. அதை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 1.70. 100 மி.மீ. கிராங்கில் அது 1.50 ஆகக் குறைகிறது. ராட் அதிகமாகச் சாய்கிறது. சிலிண்டர் சுவரின் மீது பிஸ்டன் சாயும் விசை, சாய்வு உச்சத்தில் இருக்கும்போது 15 விழுக்காடு கூடுகிறது. டர்போ அழுத்தமும் சேர்ந்தால் பிஸ்டனின் பக்கச் சுவரும் சிலிண்டரும் விரைவாகத் தேயும்.

இதைத் தவிர்க்க, 6 மி.மீ. உயரமான 4ஜி64 பிளாக்கையே பயன்படுத்தி 156 மி.மீ. ராட் போடுபவர்களும் இருக்கிறார்கள். விகிதம் 1.56-க்கு ஏறும். ஆனால் பிஸ்டனின் உயரம் குறைய வேண்டும். ரிங்குகளுக்கும் இடம் சுருங்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்கும் போர்வை போலத்தான் இது.

இரண்டாவது, அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இருமுறை எழும் அதிர்வு, இந்த மாற்றத்தால் அதே சுற்றில் கிட்டத்தட்ட 29 விழுக்காடு கூடுகிறது. அதை அடக்கத்தான் மிட்சுபிஷி 'சைலண்ட் ஷாப்ட்' என்ற இரட்டைச் சமன் தண்டுகளை வைத்தது. போர்ஷே நிறுவனமே தன் 944 காருக்காக உரிமம் பெற்ற தொழில்நுட்பம் அது. அந்தத் தண்டுகளின் பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால் பலர் அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் ஸ்ட்ரோக்கைக் கூட்டிவிட்டுச் சமன் தண்டையும் கழற்றினால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் அந்த அதிர்வைத் தாங்க வேண்டியது பிராக்கெட்டுகளும் குழாய்களும் ஓட்டுநரும்தான்.

பந்தயக் கார் வேறு, தெருக் கார் வேறு

பந்தய எஞ்சினுக்கு ஓட்டம் முடிந்ததும் பிரித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். தெருக் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலையில் சூடேறுவதற்கு முன்பே வேலைக்கு ஓட வேண்டும். கடைக்குப் போய்த் திரும்பும் குறுகிய பயணங்களில் எரிபொருள் ஆயிலோடு கலந்து அதன் பிசுபிசுப்பைக் குறைக்கும். நெரிசலில், நம் நாட்டு வெயிலில், காற்றே வராமல் கொதிக்க வேண்டும். கிராங்க் பேரிங்கையும் கிராங்கையும் பிரித்து வைத்திருப்பது மயிரிழை தடிமன்கூட இல்லாத ஆயில் படலம்தான். ஸ்ட்ரோக்கரில் சுமை கூடும்போது அந்தப் படலத்தின் வேலையும் கூடுகிறது. அதனால் ஆயில் மாற்றும் இடைவெளியைச் சுருக்குவதும், எஞ்சின் சூடேறும் வரை மிதிக்காமல் இருப்பதும் விலை உயர்ந்த ராட்டைவிட அதிக ஆயுளைத் தரும்.

விளைவும் வேறு. பந்தயத் தடத்தில் ராட் உடைந்தால் கொடி காட்டுவார்கள். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் உடைந்தால் கொட்டும் ஆயில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் டயருக்கு அடியில் போகும். 'என் கார், என் காசு' என்ற வாதம் அந்த இடத்தில் எடுபடாது.

எரிபொருள் நிலையத்தில் வரும் செலவு

கிராங்கின் விலையை விசாரிப்பவர்கள் பெட்ரோல் விலையை மறந்துவிடுகிறார்கள். பிஸ்டனின் மேற்பரப்பையும் எரியறையையும் மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் 88-லிருந்து 100 ஆக்கினால், 8.5 ஆக இருந்த அழுத்த விகிதம் ஏறக்குறைய 9.5 ஆகிவிடும். டர்போவும் சேர்ந்தால், தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலில் 'நாக்' என்ற தட்டல் ஏற்படும். சில விநாடிகள் தொடர்ந்தாலே பிஸ்டனை உடைக்கக்கூடியது அது. எனவே பெரும்பாலும் ரோன்97 தான் வேண்டும்.

2025 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த பூடி95 திட்டத்தில் லிட்டருக்கு ரிம 1.99 என்ற சலுகை விலை ரோன்95 பெட்ரோலுக்கு மட்டுமே. ரோன்97 சந்தை விலையில் ஏறி இறங்கும். கல்லூரி மாணவருக்கோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கோ இந்த வேறுபாடு மாதாமாதம் வரும் செலவு. அதைத் தாங்க முடியாமல் மலிவான பெட்ரோலை ஊற்றும் நாளில்தான் பல எஞ்சின்களின் கதை முடிகிறது.

பட்டறையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அனுபவமுள்ள பட்டறை அண்ணன்கள் பலர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமலேயே கையால் உணர்ந்தவர்கள். அவர்களிடம் மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்.

1. உச்சச் சுற்று எவ்வளவு? அதைக் கணினிப் பெட்டியில் கட்டுப்படுத்தி வைப்பீர்களா? 'பார்த்து ஓட்டிக்கலாம்' என்பது பதில் அல்ல.

2. பழைய கிராங்க் என்றால் விரிசல் சோதனை செய்தாயிற்றா? ஹாஃப்கட்டிலிருந்து வந்த பொருளின் பழைய வாழ்க்கை யாருக்கும் தெரியாது.

3. பேரிங் இடைவெளி, சிலிண்டர் விட்டம், பிஸ்டன் இடைவெளி ஆகியவற்றை அளந்து எழுதித் தருவீர்களா? எழுதித் தராத அளவு, எடுக்காத அளவு என்றே கொள்ள வேண்டும்.

4. பிஸ்டன், ராட் எடைகளைச் சரிபார்த்து கிராங்கைச் சமன் செய்தாயிற்றா? ஆயில் அழுத்த மீட்டர் பொருத்தப்படுமா?

5. எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலையும் வாகனச் சோதனையையும் யார் பார்த்துக்கொள்வது? காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டு விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

ஐந்தில் மூன்றுக்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால், பழைய எஞ்சினையே நல்ல முறையில் புதுப்பித்து ஓட்டுவது புத்திசாலித்தனம்.

இந்தத் திறமை எங்கே போகும்?

மின்சாரக் கார் ஆலை எழும் ஊரில் இருந்துகொண்டு கிராங்கைப் பற்றிப் பேசுவது காலம் கடந்த பேச்சா என்று சிலர் கேட்கலாம். மின்சார மோட்டாரில் பிஸ்டன் இல்லை, ஸ்ட்ரோக் இல்லை. ஆனால் பேரிங் இருக்கிறது. சாதாரண கார் எஞ்சினைவிட வேகமாகச் சுழலும் ரோட்டார் இருக்கிறது. அதைச் சமன் செய்ய வேண்டியிருக்கிறது. வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கப் பழகிய கைக்கு அங்கேயும் வேலை உண்டு. நம் சமுதாயத்தில் பட்டறையில் வளர்ந்த திறமைசாலிகள் ஏராளம். அவர்களில் பலரிடம் சான்றிதழ் இல்லை. திவெட் கல்வி, மலேசியத் திறன் சான்றிதழ் ஆகியவற்றின் வழி அந்தக் கைத்திறனுக்குக் காகிதமும் சேர்ந்தால், ஆலையின் வாசல் நமக்கும் திறக்கும்.

எஞ்சினில் ஆசை வைப்பதில் தவறில்லை. ஆசைக்கு முன் ஒரு மைக்ரோமீட்டரையும் ஒரு கால்குலேட்டரையும் வாங்குங்கள். 100 மி.மீ. கிராங்கைப் போடுவதா வேண்டாமா என்பதைவிட, போட்ட பிறகு 6,500 சுற்றில் காலை எடுக்கும் கட்டுப்பாடு நம்மிடம் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. 'இருக்கிறது' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர் கிராங்கை வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை ஒரு திறன் பயிற்சிக்குக் கட்டலாம்.